எம்87-இன் நேர்க்கதிர்: சுழற்சியைக் கறக்கும் காந்தம்

1918-இல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகம் நெபுலாக்களைப் பற்றிய நீண்ட தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. கிராஸ்லி என்ற 36 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்த புகைப்படத் தகடுகளைப் பார்த்து, ஒவ்வொரு மங்கல் திட்டுக்கும் ஓரிரு வரிக் குறிப்பு எழுதியிருந்தார் ஹீபர் கர்டிஸ். கன்னி ராசியில் இருக்கும் எம்87-க்கு வந்தபோது, சுருள் அமைப்பு ஏதும் தெரியவில்லை என்று எழுதிவிட்டு இன்னொன்றையும் சேர்த்தார்: விசித்திரமான ஒரு நேர்க்கதிர், மெல்லிய இழை ஒன்றால் கருவோடு இணைந்திருப்பதாகத் தெரிகிறது. அவ்வளவுதான், அடுத்த திட்டுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தத் திட்டுகள் பால்வெளிக்கு உள்ளே இருக்கின்றனவா, வெளியே இருக்கின்றனவா என்பதே அப்போது தீராத தகராறு.

இன்று தெரிந்த கணக்குப்படி எம்87 நம்மிடமிருந்து சுமார் 5.5 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் மாபெரும் விண்மீன்திரள். கர்டிஸ் கண்ட கதிரின் நீளம் ஏறத்தாழ 5,000 ஒளியாண்டுகள். அதன் அடியில் 650 கோடி சூரியன்களின் நிறைகொண்ட கருந்துளை இருக்கிறது. எதையும் வெளியே விடாது என்று பெயர் வாங்கிய பொருளின் வாசலிலிருந்து இவ்வளவு நீளமான தாரை பீறிட்டுக் கிளம்புவது எப்படி? கருந்துளைத் தாரைகள் பற்றிய எல்லா வாதங்களையும் இந்த ஒரே இடத்தில் வைத்துச் சரிபார்த்துவிடலாம். வேறெங்கும் இத்தனை விதமான சாட்சியங்கள் சேரவில்லை.

முதல் சாட்சி: ஒரு போலராய்டு தகடு

எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த கட்டம் 1956-இல் நடக்கிறது. பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியில் வால்டர் பாடே எம்87-இன் தாரையைப் படமெடுத்தார். தொலைநோக்கிக்கும் தகட்டுக்கும் நடுவே போலராய்டு வடிகட்டி ஒன்றை வைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மீண்டும் மீண்டும் எடுத்தார். வெயிலில் ஏரித் தண்ணீரைப் போலராய்டு கண்ணாடி போட்டுப் பார்த்துத் தலையைச் சாய்த்தால் பளபளப்பு கூடிக் குறையுமல்லவா, அதேபோல் தாரையின் முடிச்சுகள் வடிகட்டி திரும்பத் திரும்ப மங்கின, பிரகாசித்தன. ஒளி ஒரே தளத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. பாடப்புத்தகம் இதைத் தளவிளைவு என்கிறது.

சாதாரணச் சூடான வாயு இப்படி ஒளிராது. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் மாட்டி வளைந்து சுழலும்போதுதான் இத்தகைய ஒளி வரும். அதற்குச் சின்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்று பெயர். தாரையின் ஒளி அந்த வகையாக இருக்க வேண்டும் என்று சோவியத் வானியலாளர் யோசிஃப் ஷ்க்லோவ்ஸ்கி முன்பே சொல்லியிருந்தார். பாடேயின் தகடுகள் அதை உறுதி செய்தன. ரேடியோ வானில் கன்னி ஏ என்று பெயர் பெற்றிருந்த வலுவான மூலமும் எம்87-தான் என்பது அதற்குள் தெரிந்திருந்தது.

ஆக, தாரைக்குள் காந்தப்புலம் இருக்கிறது. கூடவே ஒரு தலைவலியும் வந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை உமிழும் எலெக்ட்ரான் தன் ஆற்றலைச் சில நூறு ஆண்டுகளில் செலவழித்துவிடும். தாரையின் நுனிக்குப் போகவோ ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தேவை. வழியெங்கும் யாரோ அவற்றுக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்க வேண்டும். தாரை என்பது ஒருமுறை வீசி எறிந்த பொருள்களின் வரிசையாக இருக்க முடியாது; ஆற்றல் ஓடிக்கொண்டே இருக்கும் குழாயாக இருக்க வேண்டும்.

1994-இல் ஹப்பிள் தொலைநோக்கி எம்87-இன் கருவைச் சுற்றி வாயு வட்டு ஒன்று விநாடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் சுழல்வதைக் காட்டியது. வட்டின் ஒரு பக்கம் நம்மை நோக்கி வருகிறது, மறுபக்கம் விலகுகிறது. அந்த வேகத்தைக் கட்டிப்போட நடுவில் நூற்றுக்கணக்கான கோடி சூரியன்களின் நிறை வேண்டும். 1999-இல் அதே ஹப்பிள், எச்எஸ்டி-1 என்ற முடிச்சின் பகுதிகள் ஒளியைவிட ஆறு மடங்கு வேகத்தில் நகர்வதாகக் காட்டியது. விதி ஏதும் உடையவில்லை. தாரை கிட்டத்தட்ட நம் பக்கமே திரும்பியிருக்கிறது. நம் பார்வைக் கோட்டோடு அது செய்யும் கோணம் சுமார் 17 பாகைதான். ஒளியைத் துரத்திக்கொண்டே வரும் பொருள் அடுத்தடுத்து அனுப்பும் ஒளி நம்மிடம் நெருக்கியடித்து வந்து சேர்வதால் ஏற்படும் தோற்றம் அது. எதிர்ப்பக்கத் தாரை நம் கண்ணுக்கு அநேகமாகப் படாமல் இருப்பதற்கும் இதே காரணம்: விலகி ஓடும் பொருளின் ஒளி மங்கிவிடுகிறது.

வட்டு ஏன் விழுகிறது

கருந்துளை வாயுவை உறிஞ்சி இழுக்கிறது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்தச் சொல் தவறான படத்தைத் தருகிறது. சுற்றிவரும் வாயுவுக்குக் கோண உந்தம் இருக்கிறது. அதை யாரிடமாவது ஒப்படைக்காதவரை அது உள்ளே விழாது, பூமி சூரியனில் விழாததுபோல. வட்டின் அடுக்குகள் ஒன்றோடொன்று உரச வேண்டும். ஆனால் அவ்வளவு நீர்த்த வாயுவில் சாதாரண உராய்வு ஒன்றுக்கும் உதவாது.

விடை காந்தத்தில் இருந்தது. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு அடுக்குகளை ஒரு பலவீனமான காந்தக் கோடு இணைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது சுருள்வில் போல நடந்துகொள்ளும். உள்ளே வேகமாக ஓடுவதைப் பின்னுக்கு இழுக்கும், வெளியே மெதுவாக ஓடுவதை முன்னுக்குத் தள்ளும். வேகம் குறைந்தது இன்னும் உள்ளே சரியும், உந்தம் பெற்றது இன்னும் வெளியே போகும். வில் மேலும் இழுபடும். சற்று நேரத்தில் வட்டு முழுவதும் கொந்தளிப்பு. சுழலும் மின்கடத்துத் திரவத்தில் இந்த நிலைகுலைவு ஏற்படும் என்பதை 1959-இல் யெவ்கெனி வெலிகோவும், 1960-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரும் கணக்கிட்டுவிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது இரண்டு உருளைகளுக்கு நடுவே சுழலும் திரவம். வானத்து வட்டுகளின் பூட்டையும் அதே சாவிதான் திறக்கும் என்பதை 1991-இல் ஸ்டீவன் பால்பஸும் ஜான் ஹாலியும் காட்டும்வரை அது முப்பது ஆண்டுகள் ஆய்விதழ்களில் தூங்கியது.

எம்87-இன் உள்வட்டு, படங்களில் வரும் தோசைபோன்ற மெல்லிய வட்டு அல்ல. உப்பிப் பருத்த, மிகச் சூடான, மிக நீர்த்த பிளாஸ்மா, அதாவது மின்னூட்டத் துகள்களாகப் பிரிந்துபோன வாயு. தன் வெப்பத்தை ஒளியாக வெளியேற்றவே அதற்குத் தெரியாது. பெரும்பகுதியைச் சுமந்துகொண்டே உள்ளே விழுகிறது. இதனால் எம்87-இன் கரு, தன் நிறைக்கு ஒப்பிட்டால், வெட்கப்படும் அளவுக்கு மங்கலானது. தாரையோ ஊரைக் கூட்டுகிறது. இந்தப் பொருத்தமின்மையே முக்கியமான துப்பு.

இயந்திரம்

உள்ளே விழும் பிளாஸ்மா தன்னோடு காந்தக் கோடுகளையும் இழுத்துக்கொண்டு வருகிறது. நல்ல மின்கடத்தியில் காந்தக் கோடுகள் நூல்போலச் சிக்கிக்கொள்ளும். வாயு துளைக்குள் மறைந்துவிடும். கோடுகள் மட்டும் வாசலில் குவிந்துகொண்டே போகும். குவிந்து குவிந்து, ஒரு கட்டத்தில் அவற்றின் அழுத்தம் பின்னால் வரும் வாயுவையே மறித்துவிடும். மதகில் தேங்கிய நீர் விரிசல் வழியாகப் பீறுவதுபோல, வாயு அங்கங்கே விரல் விரலாகப் பிதுங்கித்தான் உள்ளே நுழைய முடியும். காந்தம் மறித்த வட்டு என்ற இந்த நிலையை 2003-இல் பெயர் வைத்து வரையறுத்தவர்கள் ரமேஷ் நாராயண், இகோர் இகுமென்ஷ்சேவ், மரேக் அப்ரமோவிச் ஆகிய மூவர். நாராயண் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘மேட்’ என்று வரும். புலம் அவ்வளவு குவியாத சாதுவான வட்டுக்குச் ‘சேன்’ என்று பெயர். பித்துப் பிடித்தது ஒன்று, புத்தி தெளிந்தது ஒன்று, இயற்பியலாளர்களின் குறும்பு.

இப்போது துளையின் சுழற்சி. சுழலும் கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வெளியையே சேர்த்துச் சுழற்றுகிறது. மிக அருகில் வந்த எதுவும், எவ்வளவு முயன்றாலும் அசையாமல் நிற்க முடியாது. அங்கே போய் மாட்டிய காந்தக் கோட்டின் ஒரு முனை சுற்றிக்கொண்டே இருக்க, மறுமுனை தொலைவில் இருக்கிறது. தயிர் கடையும்போது கயிற்றை இழுத்தால் மத்து சுழலும். இங்கே மத்து சுழல்கிறது, கயிறு முறுக்கிக்கொள்கிறது. முறுக்கேறிய காந்தச் சுருள் அச்சு வழியாக மேலும் கீழும் விரிந்து, நடுவில் இருக்கும் கொஞ்சநஞ்சப் பிளாஸ்மாவையும் தள்ளிக்கொண்டு போகிறது. இந்தக் கணக்கை 1977-இல் கேம்பிரிட்ஜில் போட்டவர்கள் ரோஜர் பிளாண்ட்ஃபோர்டும் ரோமன் ஸ்னாயெக்கும். மின்பொறியாளர் மொழியில் சொன்னால், 1831-இல் ஃபாரடே சுற்றிய செப்புத் தகட்டின் இடத்தில் கருந்துளை இருக்கிறது. காந்தப்புலத்தில் சுழலும் தகட்டின் மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே மின்னழுத்தம் பிறப்பதுபோல இங்கேயும் பிறக்கிறது. தாண்டியது எதுவும் திரும்ப முடியாத எல்லையான நிகழ்வெல்லைக்கு 377 ஓம் மின்தடை என்று வைத்துக் கணக்குப் போட்டாலும் விடை சரியாகவே வருகிறது.

ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். துளையின் தற்சுழற்சியிலிருந்து. காந்தப்புலம் கறக்கும் கை. வட்டின் வேலை என்ன? கருந்துளை தனக்கென்று காந்தப்புலத்தை வைத்துக்கொள்ள முடியாது. வட்டில் ஓடும் மின்னோட்டமும் வட்டின் எடையும்தான் அந்தக் கோடுகளைத் துளையின்மேல் அழுத்திப் பிடித்திருக்கின்றன. வட்டை அகற்றிவிட்டால், எம்87 அளவுள்ள துளையில்கூடச் சில நாட்களிலேயே புலம் கலைந்து போய்விடும். வட்டைத் தாரையின் விறகு என்று எழுதுவதைவிட, பசுவின் காலைக் கட்டும் கயிறு என்பது உண்மைக்கு நெருக்கம்.

வட்டே தாரையை வீசும் வழியும் உண்டு. 1982-இல் பிளாண்ட்ஃபோர்டும் டேவிட் பெய்னும் சொன்னது அது: வட்டில் வேரூன்றிய காந்தக் கோடு போதிய அளவு வெளிப்புறம் சாய்ந்திருந்தால், கம்பியில் கோத்த மணி சுழற்சியில் வெளியே வழுக்கி ஓடுவதுபோல வாயு வீசப்படும். எம்87-இல் இதற்கும் இடம் இருக்கிறது என்றே நினைக்கிறேன், ஆனால் உறையாக. தாரையின் வடிவம் அதைச் சொல்கிறது. தன்போக்கில் விரியும் தாரை கூம்பாக இருக்கும். எம்87-இன் தாரை, நிகழ்வெல்லையின் ஆரத்தைப்போல் லட்சக்கணக்கான மடங்கு தூரம்வரை, பரவளையமாக ஒடுங்கியே போகிறது என்று 2012-இல் கெய்ச்சி அசாடாவும் மசனோரி நகமுராவும் அளந்து காட்டினார்கள். எச்எஸ்டி-1 முடிச்சை ஒட்டித்தான் அது கூம்பாகிறது. அதுவரை பக்கவாட்டிலிருந்து ஏதோ ஒன்று நெருக்கிப் பிடிக்கிறது. வட்டிலிருந்து கிளம்பும் காற்று அந்த வேலைக்கு நல்ல வேட்பாளர்.

வரவும் செலவும்

எம்87-இன் துளைக்குள் ஆண்டுக்கு விழும் வாயு, சூரிய நிறையில் பத்தாயிரத்தில் 3 முதல் 20 பங்குவரை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நடுவில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு வியாழன் கோள். அந்த நிறை முழுவதையும் ஆற்றலாக மாற்றினால் கிடைக்கும் திறன் சுமார் 1,500 கோடி சூரியன்களின் ஒளிக்குச் சமம்.

தாரை செலவழிப்பது எவ்வளவு? குறைந்தபட்ச மதிப்பு சுமார் 26 கோடி சூரியன்கள். தாரை ஊதிய ரேடியோ குமிழிகளின் அளவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் 2,600 கோடி சூரியன்களை எட்டுகிறது. முதல் எண் உண்மையென்றால் வாயுவின் வரவிலேயே செலவை ஈடுகட்டிவிடலாம். இரண்டாவது உண்மையென்றால் வரவைவிடச் செலவு அதிகம், எங்கோ பழைய சேமிப்பு இருக்க வேண்டும். இது வெறும் மனக்கணக்கு அல்ல. வேகமாகச் சுழலும் துளையையும் காந்தம் மறித்த வட்டையும் கணினியில் ஓட்டிப் பார்த்த அலெக்சாண்டர் செக்கோவ்ஸ்கோய், நாராயண், ஜொனாதன் மெக்கின்னி ஆகியோர் 2011-இல் 140 சதவீதம்வரை விளைதிறனைக் கண்டார்கள். விழுந்த நிறையின் ஆற்றலைவிட வெளியே வந்தது அதிகம். மிச்சத்தைக் கொடுத்தது துளையின் சுழற்சி.

அந்தச் சேமிப்பு சாமானியமானது அல்ல. உச்ச வேகத்தில் சுழலும் துளையின் நிறையில் 29 சதவீதம்வரை சுழற்சியாற்றல். 650 கோடி சூரிய நிறைக்கு அதைக் கணக்கிட்டு, மேலே சொன்ன பெரிய செலவாலேயே வகுத்தால், சுமார் ஒரு லட்சம் கோடி ஆண்டுகள் தாங்கும்.

வாசலைப் படமெடுத்தல்

இதெல்லாம் கணக்கு. வாசலைப் பார்த்தாக வேண்டும். துளையின் நிகழ்வெல்லை ஆரம் சூரியன்-பூமி தூரத்தைப்போல் 128 மடங்கு. பிளாண்ட்ஃபோர்ட்-ஸ்னாயெக் கட்டுரை வந்த அதே 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் அவ்வளவு தூரத்தைக் கடக்க 2014 ஆகிவிட்டது. அத்தனை பெரிய பொருளும் 5.5 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் வானில் பிடிக்கும் இடம் ஒரு விநாடிக் கோணத்தில் (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) பத்து லட்சத்தில் சுமார் பதினைந்து பங்குதான்.

2017 ஏப்ரலில் நிகழ்வெல்லைத் தொலைநோக்கிக் கூட்டணி சிலி, ஹவாய், அரிசோனா, மெக்சிகோ, ஸ்பெயின் ஆகிய இடங்களின் தொலைநோக்கிகளை 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் ஒருசேர எம்87-ஐப் பார்க்கவைத்தது. தென்துருவத் தொலைநோக்கியும் அந்தக் கூட்டணியில் இருந்தது. எம்87 வடவானத்தில் இருப்பதால் அதன் கண்ணுக்கு எட்டாது. பதிவான தரவு இணையத்தில் அனுப்பும் அளவில் இல்லை. வன்தட்டுகளைப் பெட்டியில் போட்டு மாசசூசெட்ஸுக்கும் ஜெர்மனியின் பான் நகருக்கும் விமானத்தில் அனுப்பினார்கள். 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான ஆரஞ்சு வளையத்தை உலகமே பார்த்தது. அதன் குறுக்களவு 42 மைக்ரோ விநாடிக் கோணம். நிறை 650 கோடி சூரியன்கள் என்பது இந்த அளவிலிருந்து வந்ததே. வளையத்தின் தென்பக்கப் பிரகாசம், துளை நம் பார்வையில் வலஞ்சுழியாகச் சுழல்வதைக் காட்டியது. சுழலாத துளையை வைத்துச் செய்த கணினி மாதிரிகள் அத்தனையும் தோற்றன. தாரைக்குப் போதிய வலுவை அவற்றால் தர முடியவில்லை.

ஆனால் 2019-இன் படத்தில் காந்தம் தெரியவில்லை. அதற்கு 2021 மார்ச் 24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே தரவைத் தளவிளைவு நோக்கில் மறுபடி அலசி வெளியிட்ட படத்தில், ஒளி அதிரும் திசையைக் காட்டும் வரிகள் வளையத்தின்மேல் சீவி விட்ட தலைமுடிபோலச் சுழன்றன. பாடே வடிகட்டியைத் திருப்பித் தாரையின் உடலில் கண்ட அதே குணம், 65 ஆண்டுகளுக்குப் பிறகு, துளையின் வாசலில்.

சின்க்ரோட்ரான் ஒளி காந்தப்புலத்துக்குச் செங்குத்தாக அதிரும். காந்தக் கோடுகள் துளையை வெறுமனே வளையமாகச் சுற்றியிருந்தால் வரிகள் ஆரக்கால்கள்போல வெளிநோக்கி நின்றிருக்கும். நின்றவை அப்படியில்லை, வளையத்தைத் தழுவிச் சுருண்டன. அப்படியானால் கோடுகளில் கணிசமானவை வட்டைக் குத்தி மேலெழுகின்றன அல்லது துளையை நோக்கி ஓடுகின்றன. தாரைக்குத் தேவையான வகை அதுவே. சுழலும் வாயு அவற்றை முழுதாகச் சுருட்டிவிடாததிலிருந்து, வாயுவை எதிர்த்து நிற்கும் வலு அவற்றுக்கு இருப்பதும் தெரிகிறது. மாதிரிகளோடு ஒப்பிட்டபோது ‘மேட்’ வகையே பெரும்பாலும் தேறியது.

புலத்தின் வலிமை 1 முதல் 30 காஸ். இந்த எண்ணைப் பார்த்ததும் நானும் முதலில் சற்று ஏமாந்துதான் போனேன். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தமே 50, 100 காஸ் இருக்கும். ஆனால் கறக்கப்படும் திறன் புலத்தின் இருமடியோடு மட்டுமல்ல, துளையின் பரப்போடும் சுழற்சியின் இருமடியோடும் சேர்ந்து பெருகுகிறது. சூரியக் குடும்பத்தைவிட அகலமான இடத்தில் ஃப்ரிட்ஜ் காந்தத்தைவிடச் சற்றுச் சோனியான புலம் இருந்தாலே போதும்.

இன்னும் பொருந்தாதவை

2023-இல் 3.5 மில்லிமீட்டர் அலைநீளத்தில் எடுத்த படம் ஒன்று வளையத்தையும் தாரையின் அடியையும் முதன்முறையாக ஒரே சட்டத்தில் காட்டியது. அந்த அலைநீளத்தில் வளையம் சுமார் ஒன்றரை மடங்கு பெரியது; வெளியிலிருந்து வந்து சேரும் வாயுவே ஒளிர்கிறது. அதே ஆண்டு, 22 ஆண்டுக் கால ரேடியோ படங்களை அடுக்கிப் பார்த்த குழு, தாரையின் அடி சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை தள்ளாடிச் சுற்றுவதாகச் சொன்னது. வட்டும் துளையும் வெவ்வேறு அச்சில் சாய்ந்திருந்தால், சுழலும் துளை வட்டை இப்படி ஆட்டும். துளை சுழல்கிறது என்பதற்கு இன்னொரு பக்கத்துச் சாட்சி. எவ்வளவு வேகமாக என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட ஒற்றை எண் இன்னும் இல்லை.

நம் பால்வெளியின் நடுவிலுள்ள தனுசு ஏ* கருந்துளை இந்தக் கதைக்குள் அடங்க மறுக்கிறது. 2024-இல் அதன் தளவிளைவுப் படம் வந்தபோது, எம்87-ஐப் போலவே வலுவான, ஒழுங்கான சுருள் தெரிந்தது. தாரையை மட்டும் காணோம். விழும் வாயு மிகமிகக் குறைவு என்பதால் தாரையும் கண்ணுக்கெட்டாத அளவுக்கு நலிந்திருக்கலாம். அல்லது காந்தமும் வட்டும் இருந்தால் மட்டும் போதாது என்பதாகவும் இருக்கலாம்.

எம்87-உம் சும்மா இருக்கவில்லை. 2018-இல் எடுத்த படத்தில் வளையம் அதே அளவில் இருந்தது, பிரகாசமான இடம் மட்டும் சுமார் 30 பாகை நகர்ந்திருந்தது. 2025-இல் வெளியான ஒப்பீட்டில் இன்னும் பெரிய மாற்றம்: 2017-இல் ஒரு பக்கமாகச் சுருண்ட தளவிளைவு வரிகள், 2018-இல் அடங்கி, 2021-இல் எதிர்ப்பக்கமாகச் சுருண்டிருந்தன. புலமே புரண்டதா, நடுவில் நிற்கும் பிளாஸ்மாத் திரை ஒளியின் தளத்தைத் திருப்புகிறதா, இரண்டும் கலந்ததா என்பதில் வாதம் ஓடுகிறது. 2021-இல் அரிசோனாவின் கிட் பீக்கும் பிரான்சின் நோயமாவும் கூட்டணியில் சேர்ந்திருந்தன. வளையத்துக்கும் தாரைக்கும் நடுவே இருக்கும் மங்கலான இடத்தை உணரும் கூர்மை அதனால் கிடைத்தது. கருவோடு கதிரை இணைப்பதாகக் கர்டிஸ் எழுதிய மெல்லிய இழையின் கடைசிப் பிரி எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதை அந்தத் தரவு முதன்முறையாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறது.